முகப்பில் மோடம், வளவில் ரூட்டர்: ஃபைபர் இணைப்பில் சொந்த ரூட்டர் போட்ட அனுபவம்

காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீட்டுக்கு ஃபைபர் இழுத்துக்கொண்டு வருபவர் தெருவாசலோடு நின்றுவிடுவார். முகப்புச் சுவரில் ஒரு ஆணி, அதில் மோடம், அத்தோடு அவர் வேலை முடிந்தது. அங்கிருந்து பட்டாலை, வளவு என்னும் நடு முற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின் தெரு வரை நீளுகிற வீடு. முழ அகலச் சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டியதும் வைஃபை படுத்துவிடும். முகப்பில் 300 எம்பிபிஎஸ் காட்டுகிற போன் அடுப்படியில் ஒரு வீடியோ அழைப்பைத் தாங்காது. ஆகவே இந்த ஊர்களில் சொந்த ரூட்டர் போடுவதற்கு முதல் காரணம் கூடுதல் வசதிகள் அல்ல. ஃபைபர் வந்து நிற்கும் இடம் வேறு, வைஃபை கிளம்ப வேண்டிய இடம் வேறு. அப்படி ஒரு வீட்டில் செய்து முடித்த வேலையை, செய்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

நாம் மோடம் என்று சொல்லும் பெட்டியின் சரியான பெயர் ஓஎன்டி. அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை, கேபிளில் போகும் ஈதர்நெட் சிக்னலாக மாற்றுவது ஒன்று. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைப்பை எடுத்து வீட்டுக்குள் பிரித்துக் கொடுப்பது மற்றொன்று. இரண்டாவது வேலையை மட்டும்தான் நம் ரூட்டருக்கு மாற்ற முடியும். முதல் வேலைக்கு, ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் முறை இணைப்பாக இருந்தால், பெட்டியின் சீரியல் எண்ணை நிறுவனத்தின் பக்கம் இருக்கும் ஓஎல்டி என்ற கருவியில் பதிந்திருப்பார்கள்; பதியாத பெட்டியைச் செருகினால் ஒளி வரும், இணைப்பு வராது. "ஃபைபரை நேராகச் செருகும் ரூட்டர்" என்று எஸ்எஃப்பி துளை உள்ள மாடலை அதிக விலைக்கு வாங்குவதும், ஒளியை ஈதர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வாங்கிப் போட்டுப் பார்ப்பதும் இதனால்தான் வீணாகிறது. சாதாரண மீடியா கன்வர்ட்டருக்கு ஜிபான் பேசத் தெரியாது. ஓஎன்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ரூட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒளியின் அளவைப் பாருங்கள். ஓஎன்டியின் நிர்வாகப் பக்கத்தில், பெரும்பாலும் 192.168.1.1 முகவரியில், ஆப்டிகல் பவர் என்ற பகுதியில் ஆர்எக்ஸ், அதாவது வந்துசேரும் ஒளியின் அளவு, டிபிஎம் என்ற அலகில் இருக்கும். மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழை, வெயில், காற்று எது வந்தாலும் இணைப்பு போய்ப் போய் வரும். அதை எந்த ரூட்டராலும் சரிசெய்ய முடியாது. ஒரே இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரே சுமார் 17 டெசிபல் தின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பதில், கம்பத்துப் பெட்டியில் சரியாகச் செய்யாத ஒரு இணைப்பு 2, 3 டெசிபலைச் சுலபமாகக் குடித்துவிடும். இழையை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங்கில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் அடங்கும். கையால் பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டரில் அது கூடுதல். செய்த கையைப் பொறுத்து ஏறும் இறங்கும். அளவு மோசமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஃபைபர் முனை பச்சை நிறத்தில் இருந்தால் அது எஸ்சி ஏபிசி, முகம் 8 டிகிரி சாய்த்து வெட்டியது. நீலம் எஸ்சி யுபிசி, அது நேர்முகம். இரண்டும் ஒரே துளையில் நுழையும் என்பதுதான் ஆபத்து. மாற்றிச் செருகினால் ஒளியில் பெரும்பகுதி போய்விடும். முனையை விரலால் தொடக் கூடாது, வாயால் ஊதக் கூடாது. கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவே கூடாது. வரும் ஒளி 1490 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் கண் இமைக்காது.

அடுத்து லைன்மேனிடம் பேசுவது. கேட்க வேண்டியதை ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும்: பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்பை எடுக்கும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (நிறுவனம் தன் இணைப்புக்கு ஒட்டும் அடையாள எண்), ஓஎன்டி நிர்வாகக் கணக்கு. "அண்ணே, லைனை பிரிட்ஜ்ல போட்டுக் குடுங்க, டயலிங்கை நான் ரூட்டர்ல வச்சுக்கிறேன்" என்று சொன்னால் தொழில் தெரிந்தவருக்கு உடனே புரியும். பிரிட்ஜ் என்றால் ஓஎன்டி இணைப்பைத் தான் எடுக்காமல் அப்படியே கடத்துவது. டயலிங் என்றால் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைப்பை எடுப்பது. "போட்டுத் தர்றேன் தம்பி, ஆனா அப்புறம் வைஃபை வரலைன்னு எங்களைக் கூப்பிடாதீங்க" என்பார். அது நியாயமான பேச்சு. ஓஎன்டி வரைதான் அவர் பொறுப்பு. சில நிறுவனங்கள் பயனர் பெயர் முறையே வைத்திருப்பதில்லை, பிரிட்ஜும் தருவதில்லை. அங்கே நம் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது வைஃபை மட்டும் தரும்படி வைத்து, ஓஎன்டியின் வைஃபையை மட்டும் அணைத்துவிடுவது போதும். வைஃபை எங்கே கிளம்ப வேண்டுமோ அங்கே கிளம்பும், நமக்கு வேண்டியது அதுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஓஎன்டியின் இணைப்புப் பக்கம் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்டர்நெட் என்று குறித்த இணைப்பில் ரூட் என்றிருப்பதை பிரிட்ஜ் என்று மாற்றி, விலான் எண்ணை அப்படியே விட்டு, எந்தத் துளைக்கு இந்த இணைப்பு என்று குறிக்கும் போர்ட் பைண்டிங்கில் லேன் 1 துளையை மட்டும் டிக் செய்து சேமிக்க வேண்டும். லேன்ட்லைன் போனும் இதே ஓஎன்டியில் இருந்தால் வாய்ஸ் என்று தனியாக ஒரு இணைப்பு இருக்கும். அதில் கை வைக்கக் கூடாது. பட்டியல் குழப்பமாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால், ஆச்சி தினமும் பேசும் போன் ஊமையாகிவிடும். திரும்ப வர நிறுவனத்துக்காரர் வந்து எழுத வேண்டியிருக்கும்.

லேன் 1-லிருந்து ரூட்டரின் இன்டர்நெட் துளைக்குக் கேபிள். ரூட்டரில் இணைப்பு வகை பிபிபிஓஇ, பயனர் பெயர், கடவுச்சொல், எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் வரும் கணக்கு இது. ரூட்டரின் உள் முகவரியை 192.168.50.1 என்பதுபோல வேறாக வையுங்கள். ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே முகவரியில் இருந்தால் பின்னால் ஒன்றையொன்று மறைக்கும். விலான் எண்ணை ஓஎன்டியே ஒட்டுகிறது என்றால் ரூட்டரில் அதைப் போடக் கூடாது. ஓஎன்டி எதையும் ஒட்டாமல் அப்படியே கடத்தினால் ரூட்டரில் போட வேண்டும். இரண்டிலும் போட்டால் இணைப்பு வராது.

இணைப்பு வராவிட்டால் ரூட்டர் என்ன சொல்கிறது என்று பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். "சர்வரிடமிருந்து பதில் இல்லை" என்றால் டயலிங் வெளியே போகவே இல்லை: விலான் தப்பு, அல்லது கேபிள் லேன் 1-ல் இல்லை, அல்லது பிரிட்ஜ் சேமிக்கப்படவில்லை. "அங்கீகாரம் தோல்வி" என்றால் வழி சரி, பெயரோ கடவுச்சொல்லோதான் தப்பு. பெயருக்குப் பின்னால் வரும் டொமைன் பகுதியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால் பழைய பெட்டியின் செஷன் நிறுவனத்தின் பக்கம் இன்னும் திறந்தே இருக்கலாம். இரண்டு பெட்டியையும் அணைத்து, கால் மணி நேரம் விட்டு, முதலில் ஓஎன்டி, ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலைத்த பிறகு ரூட்டர் என்று போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நிறுவனம் பழைய பெட்டியின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) மட்டும் என்று பூட்டியிருக்கலாம். ரூட்டரின் மேக் குளோன் பகுதியில் ஓஎன்டியின் முகவரியை எழுதலாம், அல்லது பூட்டை எடுக்கச் சொல்லலாம். ரூட்டருக்கு 192.168.1 என்று தொடங்கும் வெளி முகவரி கிடைத்தால், பெட்டி இன்னும் பிரிட்ஜுக்கே மாறவில்லை என்று அர்த்தம்.

சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் நிற்கும் என்ற கோளாறுதான் ஆட்களை அதிகம் சுற்றவிடுகிறது. அது பெரும்பாலும் எம்டியு. விண்டோஸ் கணினியில் பிங் கட்டளையை, பாக்கெட்டை உடைக்காதே என்ற குறியோடு 1464 பைட்டில் அனுப்பினால் பதில் வர வேண்டும். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1492 ஆகிறது. வராவிட்டால் அளவைக் குறைத்துக்கொண்டே போய், எதில் பதில் வருகிறதோ அதோடு 28-ஐக் கூட்டி எம்டியுவாக எழுதுங்கள்.

வேகம் 94, 95-லேயே நின்றுவிட்டால் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் போர்ட் தானாக 100-க்கு இறங்கிவிடும். விலை குறைந்த ரூட்டர்களில் துளையே 100-க்குத்தான் என்பதால் வாங்கும்போதே கிகாபிட் போர்ட்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி வீட்டு வேலை. இதில்தான் நேரமும் காசும் செலவாகும், பலனும் இதில்தான். முகப்பிலிருந்து வளவுக்கு கேட் 6 கேபிள், முழுச் செம்பு. அலுமினியத்தில் செம்பு பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும். நீளம் கூடினால் அதில் தடுமாற்றம் வரும், வளைத்தால் கம்பி ஒடியும். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை போகலாம் என்பதால் எவ்வளவு நீள வீட்டுக்கும் போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையோ வழவழப்பான பழைய பூச்சையோ உடைக்க வேண்டாம். அந்தப் பூச்சைத் திரும்ப அதே மாதிரி போட்டுத் தரும் கை கிடைப்பது அரிது. நிலைக்கு மேலே, மச்சு உத்திரத்தின் ஓரமாக, மரத்தின் நிறத்திலேயே பட்டி வைத்துக் கொண்டுபோகலாம். பழைய மின்கம்பி ஓடும் மரப்பட்டிக்குள் இதைச் சேர்க்கக் கூடாது, ஒரு அடியாவது தள்ளி ஓட வேண்டும். முனை பொருத்தும் வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை.

ரூட்டரை வைக்க நல்ல இடம் வளவின் சுற்றுத் தாழ்வாரம். நடுவில் திறந்த வெளி இருப்பதால் எதிர்ப்பக்க அறைகள் வரை சிக்னல் தடையில்லாமல் போகும். தேக்குக் கதவை வைஃபை எளிதாகக் கடக்கும், செங்கல் சுவரை அப்படிக் கடக்காது. ஆகவே வாசல்கள் ஒரே நேராகத் தெரிகிற கோட்டில் வையுங்கள். முன் வாசலில் நின்றால் பின் வாசல் தெரியும்படி கட்டிய வீடு இந்த விஷயத்தில் நமக்கு உதவி செய்கிறது. ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிக்கும் இரும்புப் பீரோவுக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான், சிக்னலைத் திருப்பி அடிக்கும். மழைச் சாரல் படாத உயரமும் பார்க்க வேண்டும். இரண்டாங்கட்டுக்கும் அடுப்படிக்கும் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட், அதையும் கேபிளிலேயே. காற்றில் சிக்னல் வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் இந்தச் சுவர்களுக்கு நடுவே பாதி வேகத்தைக்கூட மிச்சம் வைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், 1, 6, 11-ல் ஒரு சேனல். 5 கிகாஹெர்ட்ஸில் 36 அல்லது 149-லிருந்து 80 மெகாஹெர்ட்ஸ். ஓஎன்டியின் வைஃபையை மறக்காமல் அணையுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கேமராவைப் பார்ப்பவர்கள் இங்கே நிறைய. அவர்கள் முதலில் ரூட்டரின் வெளி முகவரியைப் பார்க்க வேண்டும். அது 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு எழுதினாலும் வேலை செய்யாது. ஸ்டாடிக் ஐபி, அதாவது மாறாத தனி முகவரி, வாங்கலாம், அல்லது கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாம். கேமராப் பெட்டியை நேராக இணையத்தில் திறந்து வைப்பதைவிட ரூட்டரில் விபிஎன் (வீட்டுக்குள் நுழையப் பூட்டிய தனி வழி) போட்டுக்கொள்வதையே நான் சொல்வேன். பூட்டிய வீட்டில் பெட்டியை அணைத்துப் போட ஆள் இல்லை என்பதால் ரூட்டரில் வாரம் ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி நேரம் குறித்துவிடுங்கள்.

மின்சாரம் போனாலும் ஃபைபர் லைன் பெரும்பாலும் போகாது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். வோல்ட் சரியாக ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம். ஓஎன்டி முகப்பிலும் ரூட்டர் வளவிலும் இருப்பதால் இரண்டு யுபிஎஸ் தேவைப்படும். ஒன்றுக்கு மட்டும் போட்டுப் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகை இடியையும் கணக்கில் எடுங்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் கேபிளில் தாங்கு கம்பியாக ஒரு எஃகுக் கம்பி ஓடுமே, அது கடத்தும். அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லி, இழை மட்டும் உள்ளே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்கட்டுத் தோட்டத்தில் தனிக் கட்டடம் இருந்து அதற்கும் இணைப்பு வேண்டுமானால் வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் வைத்து நடுவில் ஃபைபர் போடலாம். அந்தப் பெட்டிக்குச் சரியான இடம் அதுதான்.

ஒருநாள் காலையில் எதுவும் தொடாமலே இணைப்பு நின்றிருந்தால், நிறுவனம் தொலைவிலிருந்து ஓஎன்டியின் அமைப்பைப் பழையபடி ரூட் முறைக்கு மாற்றியிருக்கலாம். மடிக்கணினியை லேன் 2-ல் செருகி, அதற்கு 192.168.1.5 என்று முகவரி கொடுத்து, ஓஎன்டி பக்கத்தைத் திறந்து, முன்பு எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓஎன்டியின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் மட்டும் ஊசி வைக்காதீர்கள். பிரிட்ஜ், விலான், வாய்ஸ் எல்லாம் அதோடு அழிந்துபோகும்.