ஒரே வார்த்தைகள், இரண்டு ஞானஸ்நானங்கள்

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு எட்டு வயது நிறைந்தபோது, அவளுடைய ஞானஸ்நானத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். யூட்டா மாநிலத்துக்கு நாங்கள் குடிவந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆலயத்தின் ஒரு பக்க அறையில் ஓடு பதித்த தொட்டி இருந்தது. தந்தையும் மகளும் வெள்ளை உடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். தந்தை வலது கையை உயர்த்தி, மகளின் முழுப் பெயரைச் சொல்லி, இயேசு கிறிஸ்துவினால் அதிகாரம் பெற்றவராக, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுப்பதாகச் சொல்லி அவளைத் தண்ணீரில் அமிழ்த்தினார். தொட்டியின் இருபுறமும் நின்ற சாட்சிகளில் ஒருவர் தலையசைத்து மறுத்தார். சிறுமியின் கால் கட்டைவிரல் தண்ணீருக்கு மேலே தெரிந்துவிட்டதாம். உடல் முழுவதும் மறைய வேண்டும் என்பது அவர்களுடைய முறை. ஆகவே அதே வார்த்தைகள் மறுபடியும் சொல்லப்பட்டு, அவள் மறுபடியும் தண்ணீருக்குள் போய் மூச்சிரைக்க எழுந்து வந்தாள். அவளுடைய தாய் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

வீடு திரும்பும்போது மனம் அமைதியாக இல்லை. திருநெல்வேலிச் சீமையில் நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் தலையில் தண்ணீர் வார்த்த குருவானவரும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற அதே மூன்று நாமங்களைத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிறுமியின் சபையைப் பொறுத்தவரை நான் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவள். என் சபையோடு உறவுடைய பெரும்பாலான சபைகளைப் பொறுத்தவரை, கண்ணெதிரே இருமுறை அமிழ்ந்து எழுந்த அவளும் அப்படித்தான். இந்த இரட்டை மறுப்பைப் பற்றி வெகுநாள் யோசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். (தங்களைப் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப் பெயரால் அழைக்கும்படி அந்தச் சிறுமியின் சபைக்கு அப்போது தலைவராக இருந்த ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். பெயரின் நீளம் கருதி மட்டுமே இங்கே மார்மன் என்று எழுதுகிறேன். என் அண்டை வீட்டாரிடம் பேசும்போது அப்படிச் சொல்வதில்லை.)

2001 ஜூன் மாதத்தில், மார்மன் சபை கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா என்ற கேள்விக்கு வத்திக்கான் 'செல்லாது' என்று பதிலளித்தது. இந்த முடிவின் கனம் புரியவேண்டுமானால், கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தில் எவ்வளவு தாராளமானது என்பது தெரிந்திருக்க வேண்டும். அகஸ்டின் காலத்திலிருந்தே, பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானத்தையும் அது ஏற்று வந்திருக்கிறது. அவசர வேளையில், ஞானஸ்நானம் பெறாத ஒருவரேகூட, திருச்சபை நாடுவதையே தாமும் நாடி, தண்ணீர் ஊற்றி மூன்று நாமங்களையும் சொன்னால் அது செல்லும். அப்படிப்பட்ட சபை, மார்மன்களுடைய தண்ணீரிலோ வார்த்தைகளிலோ குறை காணாமல், அந்த நாமங்களைச் சொல்கிறவர்கள் யாரை எண்ணிச் சொல்கிறார்கள் என்பதில்தான் தடுத்து நின்றது. ஐக்கிய மெதடிஸ்ட் சபையும் அதற்கு முந்தைய ஆண்டு, மார்மன் சபையிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிதாக ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தது.

எங்கள் ஆலயத்தில் நிசேயா விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது, குமாரன் 'பிதாவோடே ஒரே தன்மையுடையவர்' என்ற வரியைச் சிறு வயதில் பொருள் தெரியாமலே சொல்லி வளர்ந்தேன். 325ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு போராடினார்கள். பிதா, குமாரன், ஆவி என்ற மூவர் உண்டு, ஆனால் தேவன் ஒருவரே. அவர் எல்லாவற்றையும் இல்லாமையிலிருந்து உண்டாக்கியவர், ஒருநாளும் வேறொன்றாக இருந்து பிறகு தேவனாக ஆனவர் அல்லர். மார்மன் போதனையிலோ மூவரும் நோக்கத்தில் ஒன்றுபட்ட மூன்று தனித்தனி ஆட்கள். பிதாவுக்கு மாம்சமும் எலும்புமுள்ள சரீரம் உண்டு. மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், தாம் கொல்லப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1844 ஏப்ரலில் நாவூ நகரில் செய்த பிரசங்கத்தில், தேவன் ஒருகாலத்தில் நம்மைப்போல் இருந்தவர் என்றும், மனிதனும் அந்த மேன்மைக்கு வளரக்கூடியவன் என்றும் சொன்னார். 'தேவன் ஆவியாயிருக்கிறார்' என்ற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு, இதைச் சிறிய கருத்து வேறுபாடு என்று ஒதுக்க முடியவில்லை. 'பிதா' என்று இரண்டு ஆலயங்களிலும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறவர் ஒருவரே என்று என்னால் மனதாரச் சொல்ல முடியாது.

அவர்களுடைய மறுப்புக்குக் காரணம் வேறு. அப்போஸ்தலர்கள் மறைந்தபின் சபை வழிதவறிவிட்டது, கிறிஸ்து கொடுத்த அதிகாரம் பூமியை விட்டு எடுபட்டுப்போனது என்பது அவர்கள் விசுவாசம். 1829 மே மாதத்தில் பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா நதிக்கரையில் யோவான் ஸ்நானகனே வந்து ஜோசப் ஸ்மித்தின் தலையிலும் ஆலிவர் கௌடரியின் தலையிலும் கைவைத்து அந்த அதிகாரத்தைத் திரும்பக் கொடுத்தார் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதிகாரம் இல்லாதவர் கொடுக்கும் ஞானஸ்நானம் நூறு முறை பெற்றாலும் பயனற்றது என்பது 1830இல் சபை தொடங்கிய மாதத்திலேயே அவர்களுக்கு வந்த வெளிப்பாடு. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதையோ அவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகம் இன்னும் கடுமையாகக் கண்டிக்கிறது. சிறு குழந்தைகள் பாவமற்றவர்கள், அவர்களுக்கு மனந்திரும்புதல் எதற்கு என்று கேட்கிறது. அந்தப் பகுதியைப் படித்த இரவில் என் பெற்றோரை நினைத்துக்கொண்டேன். அவர்கள் செய்தது தேவனுக்கு முன்பாகப் பரிகாசம் என்று எழுதியிருப்பதைப் படிக்க வலித்தது.

தங்களைக் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று மற்றவர்கள் சொல்லும்போது மார்மன்கள் காயப்படுகிறார்கள். அந்தக் காயம் உண்மையானது. ஆனால் அவர்களுடைய தொடக்கக் கதையில், 1820இல் நியூயார்க் மாநிலத்துத் தோப்பு ஒன்றில் ஜெபித்த பதினான்கு வயதுச் சிறுவனான ஸ்மித்திடம், எல்லாச் சபைகளும் தவறானவை, அவற்றின் விசுவாசப்பிரமாணங்கள் அருவருப்பானவை என்றல்லவா சொல்லப்படுகிறது? நான் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிற பிரமாணமும் அதில் அடக்கம். இதை எடுத்துச் சொன்னபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த வரியை உங்கள் இடத்திலிருந்து நான் ஒருபோதும் வாசித்ததில்லை" என்றார். அந்த நேர்மைக்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கணக்கும் சுத்தமானதல்ல. 1838இல் மிசூரி ஆளுநர், மார்மன்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டுத் துரத்த வேண்டும் என்று ஆணையிட்டார். அதே வாரத்தில் ஹான்ஸ் மில் என்ற சிறு குடியிருப்பில் ஆயுதம் தாங்கிய கும்பல் பதினேழு பேரைக் கொன்றது. அவர்களில் சிறுவர்களும் உண்டு. அந்த ஆணை 1976 வரை முறைப்படி நீக்கப்படவில்லை. பிற்காலத்தில் துப்பாக்கி போய்த் துண்டுப்பிரசுரம் வந்தது. 2004இல் சால்ட் லேக் சிட்டியின் டேபர்னக்கிள் மண்டபத்தில், ஃபுல்லர் இறையியல் கல்லூரியின் தலைவராக இருந்த ரிச்சர்ட் மௌ, மார்மன்கள் நம்பாததையெல்லாம் நம்புகிறார்கள் என்று சொல்லி அவர்களுக்கு விரோதமாகப் பாவம் செய்தோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்காகச் சொந்த மக்களிடமே அவர் ஏச்சு வாங்கினார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கோட்பாட்டில் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பொய்ச்சாட்சி சொன்னதற்குத்தான் மன்னிப்புக் கேட்டார்.

ஓய்வுபெற்ற போதகரான என் சித்தப்பா பாளையங்கோட்டையிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கலாத்தியர் நிருபத்தை நினைவூட்டுவார். 'வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது, வேறொரு சுவிசேஷத்தை உங்களுக்குப் பிரசங்கித்தால்' என்ற வசனம் மார்மன் புத்தகத்தின் ஏடுகளை ஸ்மித்துக்குக் காட்டியதாக அவர்கள் சொல்லும் மரோனி என்ற தூதனைக் குறித்தே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது என்பார். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கும் அந்த வசனம் மனப்பாடம். அது தூதனே வரமாட்டான் என்று சொல்லவில்லை, வேறு சுவிசேஷத்தோடு வருகிறவனைத்தான் சபிக்கிறது என்பது அவருடைய பதில். பிறகு அவர் யாக்கோபு நிருபத்துக்குப் போவார்: ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன். புத்தகத்தைப் படியுங்கள், ஜெபியுங்கள், உள்ளத்தில் பதில் வரும் என்பார். உள்ளத்தில் வந்த பதிலையும் வேதத்தை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அவரோ, அந்த வேதமே சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவில்தான் தேவவசனம் என்று கற்றவர். இந்த இடத்துக்கு வந்தபின் எங்கள் பேச்சு மேலே நகர்ந்ததே இல்லை.

ஒருமுறை அவர் என் பாட்டியைப் பற்றிக் கேட்டார். மரித்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறுவது அவர்களுடைய தேவாலயங்களில் வழக்கம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் உள்ள ஒரு வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். மரித்தவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். இதைத் தடுக்கத்தான் 2008இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை மார்மன்களின் வம்சாவளி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று மறைமாவட்டங்களுக்கு எழுதியது. மெஞ்ஞானபுரம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அந்த ஊர்க் கல்லறையிலேயே உறங்குகிற என் பாட்டியின் பெயரை இன்னொரு தொட்டியின் அருகே யாரோ வாசிப்பதை நினைத்தபோது உடல் நடுங்கியது. அவர் உடனே, நான் சம்மதிக்காமல் யாரும் அதைச் செய்யக்கூடாது என்றார். தம் பாட்டிக்குத் தாமே அப்படி ஞானஸ்நானம் பெற்ற நாளைத் தாழ்ந்த குரலில் விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்தபோது, அதில் இருந்தது அன்பு என்பது எனக்குத் தெரிந்தது. ஆயினும் என் பாட்டிக்கு அது தேவையில்லை என்று சொன்னேன்.

இந்த ஆண்டு ஈஸ்டர் ஆராதனைக்கு அந்தக் குடும்பம் எங்களோடு எங்கள் எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயத்துக்கு வந்தது. நற்கருணை வேளையில் பெற்றோர் இருக்கையிலேயே இருந்துவிட்டார்கள். சிறுமி மட்டும் அனுமதி கேட்டுக்கொண்டு என் பின்னால் வந்து முழங்காலிட்டாள். அவர்கள் வீட்டில் ஜெபிக்கும்போது கைகளைக் குவிப்பதில்லை, மார்பின் குறுக்கே கட்டிக்கொள்வார்கள். அவள் அப்படியே கட்டிக்கொண்டு கண்களை மூடினாள். எங்கள் ஆலயத்தில் அது அப்பம் வேண்டாம், ஆசீர்வாதம் மட்டும் போதும் என்பதற்கான அடையாளம். குருவானவர் என் கையில் அப்பத்தை வைத்தார். அடுத்து அவள் தலையில் கைவைத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஆசீர்வதித்தார். "ஆமென்" என்று அவள் உரக்கச் சொன்னாள்.