மாரிக்கு முன்னம் போத்தல் கழுவுறது

கார்த்திகை பிறந்தா மட்டக்களப்புல உப்பும் அழும். வாவிக்கரை வீடெண்டா சொல்லத் தேவையில்லை. அதால மாரிக்குச் சாமான் அடைச்சு வைக்கிற போத்தலுகள ஐப்பசி வெயில்லயே நான் கழுவத் தொடங்கிருவன்.

புதுச் சாடி வாங்கிறல்ல. ஹோர்லிக்ஸ் போத்தல், ஜாம் போத்தல், பிஸ்கட் டின். கழுவிக் கவிழ்த்து ஒரு பகல் காயவைச்சு, மூடிக்குள்ள விரலால தடவிப் பாப்பன். ஈரம் அங்கதான் ஒளிச்சிருக்கும். போன வருசம் பாக்காம விட்டு 2 கிலோ வறுத்த அரிசிமா பூஞ்சணம் பிடிச்சிட்டு. அண்டைக்கு அழுகையே வந்திட்டு.

பயறு, கௌபியைச் சுளகில வெயில் காட்டி, ஆறினாப்பிறகுதான் அடைக்கிறது. சூட்டோட மூடினா உள்ளுக்கு வேர்க்கும். கொச்சிக்காய் (மிளகாய்) காம்பு கிள்ளக்கூடாது, அது அம்மம்மாட கட்டளை.

சவர்க்காரத்தை உறை பிரிச்சுக் காயவிட்டா கெதியாக் கரையாது. ஆனா மாவுக்குப் பக்கத்தில வைக்காதீங்க. ஒருக்கா வைச்சு, மாவில சவர்க்கார மணம் ஏறி, மகன் ரெண்டு நாள் பிட்டே தொடல்ல.