வீட்டில் கார் சார்ஜர் போட்ட அனுபவம்

கார் புக் செய்த கையோடு சார்ஜர் தேட ஆரம்பித்துவிட்டேன். 3.7, 7.4, 11, 22 கிலோவாட் என்று வரிசையாக இருந்தன. 22-ஐப் பார்த்ததும் ஆசை வந்தது, வராமல் இருக்குமா? வாங்குவதற்கு முன் காரின் கையேட்டைப் புரட்டினேன். ஏசி சார்ஜிங் அதிகபட்சம் 7.2 கிலோவாட், சிங்கிள் பேஸ் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அத்தோடு 11-உம் 22-உம் பட்டியலிலிருந்து போய்விட்டன.

வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி பேட்டரிக்குக் கொடுக்கும் வேலையைச் செய்வது காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். சுவரில் மாட்டும் பெட்டி, அதாவது வால்பாக்ஸ், ஒரு சுவிட்ச் மாதிரிதான். ஆனால் கொஞ்சம் மூளை உள்ள சுவிட்ச். எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். இந்த லைனில் இத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று காருக்குச் சொல்லும். கார் தயார் என்றதும் மின்சாரத்தை விடும். 22 கிலோவாட் பெட்டி என்பது மூன்று பேஸிலும் தலா 32 ஆம்பியர் தருவது. என் காரை அதில் மாட்டினால் ஒரு பேஸை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சும்மா விட்டிருக்கும்.

அடுத்த கேள்வி, எனக்கு 7.4-ஆவது வேண்டுமா என்பது. தினசரி ஓட்டம் சுமார் 50 கிலோமீட்டர். இந்த அளவுக் காருக்கு 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஏழரை யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து எட்டரை என்று வைத்துக்கொள்வோம். காரோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரை 10 ஆம்பியரில் வைத்தால் மணிக்கு 2.3 யூனிட் கொடுக்கும். நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கார் ராத்திரி முழுக்கச் சும்மாதானே நிற்கிறது! ஆக, வேகத்துக்காக எனக்கு வால்பாக்ஸ் தேவைப்படவே இல்லை. கடைக்காரர்கள் இந்தக் கணக்கை நமக்குப் போட்டுக் காட்டமாட்டார்கள், நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் முதலில் கொஞ்ச காலம் போர்ட்டபிள் சார்ஜரிலேயே ஓட்டினேன். போர்டிகோவில் ஏற்கெனவே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தது. 10 ஆம்பியரில் வைத்தபோது பிரச்சினை இல்லை. 16-க்கு மாற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் நல்ல சூடு. கழற்றிப் பார்த்தபோது சாக்கெட்டின் ஒரு துளை ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

இது ஏன் என்று தெரிந்துகொண்டதுதான் இந்த விஷயம் முழுவதிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது. பிளக்கின் பின்னும் சாக்கெட்டின் ஸ்பிரிங்கும் தொடும் இடத்தில் எப்போதும் ஒரு சிறு மின்தடை இருக்கும். பழைய சாக்கெட்டில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது 0.1 ஓம் வரை போகலாம். அங்கே உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்து ஏறும். 10 ஆம்பியரில் 10 வாட், 16 ஆம்பியரில் 25 வாட்டுக்கும் மேலே. 25 வாட் என்பது ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன். அதைச் சாக்கெட்டுக்குள் சொருகி ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்கினால் எப்படி இருக்கும்? இஸ்திரிப் பெட்டியும் 2 கிலோவாட் எடுக்கும்தான், ஆனால் அதன் தெர்மோஸ்டாட் நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைந்து அணைந்து எரியும். கார் அப்படி இல்லை. மணிக்கணக்காக இடைவெளியே இல்லாமல் ஒரே அளவில் இழுக்கும். சாதாரண வீட்டுச் சாக்கெட்டுகள் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிளக் என்ற ஒன்றே நடுவில் இல்லாமல், வயரை நேராக முறுக்கிப் பொருத்தும் இணைப்பு வேண்டும் என்று முடிவு செய்தேன். வால்பாக்ஸ் வாங்கியது அதற்காகத்தான்.

எலெக்ட்ரீஷியன் வயதில் மூத்தவர், பல வருஷமாக எங்கள் வீட்டு வேலை பார்ப்பவர். அவர் வந்ததும் முதலில் மெயினைத் திறந்து பார்த்தார். வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ், மெயின் ஸ்விட்ச் 40 ஆம்பியர். கார் மட்டுமே 32 எடுத்தால் மிச்சம் 8. வாட்டர் ஹீட்டர் ஒன்றைப் போட்டாலே முடிந்தது. வழக்கமாகச் சொல்லும் வழி, லோடை ஏற்றி வாங்கு அல்லது த்ரீ பேஸுக்கு மாறு என்பது. த்ரீ பேஸ் எடுத்தாலும் சிங்கிள் பேஸ் கார் முழுச் சுமையையும் ஒரே பேஸில்தான் ஏற்றும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வேறு வழியில் போனோம். மெயின் வயரைச் சுற்றி ஒரு சிடி, அதாவது மின்னோட்டத்தை அளக்கும் சிறு வளையம், மாட்டிக்கொள்ளும் வால்பாக்ஸ்கள் இருக்கின்றன. வீடு மொத்தமாக எவ்வளவு எடுக்கிறது என்று அந்த வளையம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஹீட்டர் ஓடினால் காரின் பங்கைக் குறைக்கும், அணைத்ததும் திரும்ப ஏற்றும். காருக்குக் கொடுக்கக்கூடிய குறைந்தபட்சம் 6 ஆம்பியர், அதற்கும் இடமில்லை என்றால் சார்ஜிங்கை நிறுத்தி வைக்கும். இதைப் போட்ட பிறகு மெயின் ஒரு தடவைகூட விழவில்லை. லோடு கம்மியாக உள்ள வீடுகளுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்லும் வசதி இதுதான்.

வாங்கும்போது பார்த்த மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் காரில் இருப்பது டைப் 2 சாக்கெட், அதற்கேற்ற கன், அதாவது காரில் சொருகும் கைப்பிடி. கேபிள் பெட்டியோடு சேர்ந்தே வரும் மாடலை எடுத்தேன், ஒவ்வொரு தடவையும் டிக்கியிலிருந்து எடுத்து மாட்டும் பொறுமை எனக்கு இல்லை. வெளியில் மாட்டுவதால் தூசியையும் தண்ணீர்த் தெறிப்பையும் தாங்க குறைந்தது ஐபி 54. ஆப் இருக்கலாம், ஆனால் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் சார்ஜ் ஆக வேண்டும். இதைக் கடையிலேயே வைஃபையைத் துண்டித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். இன்னொரு பெட்டியும் பார்த்தேன். சர்வரைக் கேட்காமல் மின்சாரம் விடாதாம். என் வீட்டு மின்சாரத்துக்கு நான் எதற்கு வெளியில் போய் அனுமதி கேட்க வேண்டும்?

ஒன்றை மட்டும் விடாமல் கேட்க வேண்டியிருந்தது. அது டிசி கசிவு. காருக்குள் ஏசி டிசியாக மாறுவதால், ஏதாவது கோளாறு வந்தால் டிசி மின்னோட்டம் எர்த் வழியாகக் கசிய வாய்ப்புண்டு. கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபி-க்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. டிசி ஓடினால் அது செறிவடைந்து மந்தமாகிவிடும். அப்புறம் உண்மையாகவே யாருக்காவது ஷாக் அடித்தாலும் விழாமல் போகலாம். ஆர்சிசிபி-யில் டைப் ஏசி வகையை இதற்காக நம்பவே கூடாது. டைப் ஏ வகை 6 மில்லியாம்பியர் டிசி வரை ஒழுங்காக வேலை செய்யும். டைப் பி எல்லாவற்றையும் பிடிக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். வால்பாக்ஸுக்குள்ளேயே 6 மில்லியாம்பியர் டிசியைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் வசதி இருந்தால், வெளியில் 30 மில்லியாம்பியர் டைப் ஏ போதும். விற்பவரிடம் கேட்டேன், "எல்லா சேஃப்டியும் இருக்கு சார்" என்றார். கையேட்டின் கடைசிப் பக்க அட்டவணையில்தான் பதில் கிடைத்தது.

வயர் விஷயத்தில் எலெக்ட்ரீஷியனோடு கொஞ்சம் வாக்குவாதம் ஆனது. டிபி-யிலிருந்து, அதாவது வீட்டு மின்சாரம் பிரியும் பெட்டியிலிருந்து, கார் நிற்கும் இடம் சுமார் 25 மீட்டர். "தம்பி, ஹீட்டரே நாலு ஸ்கொயர் வயரில் வருஷக்கணக்கா ஓடுது, இதுக்கும் நாலு போதும்" என்றார். "அண்ணே, ஹீட்டர் பதினஞ்சு நிமிஷம், இது ஆறு மணி நேரம்" என்று சொல்லி ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். போய் வரும் நீளம் 50 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியில் 32 ஆம்பியர் ஓடினால் ஏழு வோல்ட்டுக்கு மேல் விழும், கம்பி முழுவதிலுமாக 230 வாட்டுக்கும் மேல் வெறும் சூடாகப் போகும். 6 ஸ்கொயரில் ஐந்து வோல்ட், சுமார் 160 வாட். 10 ஸ்கொயரில் மூன்று வோல்ட், 95 வாட்டுக்குள். அந்த வயர் சுவருக்குள் மூடிய பைப்பில் போகிறது, சூடு வெளியேற வழியும் குறைவு. அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ பத்தே இழுத்துடலாம், சுவரை ரெண்டாவது தடவை யாரு உடைக்கிறது" என்றார். 6 போட்டிருந்தாலும் தப்பில்லை. ஆனால் கூலியும் சுவர் வேலையும் இரண்டுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் செம்பின் விலை மட்டும். எம்சிபி, அதாவது சுமை மீறினால் தானாக விழும் சுவிட்ச், 40 ஆம்பியர். 32-ஐத் தொடர்ந்து இழுக்கும் இடத்தில் 32-ஐயே போட்டால், சூட்டில் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும்.

எர்த்தில்தான் ஒரு நாள் போனது. காரும் வால்பாக்ஸும் பேசிக்கொள்ளும் சிக்னல் கேபிளில் உள்ள எர்த் கம்பி வழியாகத்தான் திரும்பி வருகிறது. அது அறுந்தால் பேச்சே தொடங்காது. வீட்டு எர்த் சரியில்லை என்று தெரிந்தாலும் பெட்டி மின்சாரத்தை விடாது. டிவி, பிரிட்ஜ் எல்லாம் எர்த் இல்லாமலும் ஓடிவிடும், கார் சார்ஜ் ஆகாது. எங்கள் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் குழியில் கம்பி இணைந்திருந்த இடம் அரித்துப் பச்சையாகிக் கிடந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கம்பி நுனியில் லக் என்ற புது உலோக முனையை அழுத்திப் பொருத்தி, போல்ட் முறுக்கிய பிறகு ஓரிரண்டு வோல்ட்டுக்கு இறங்கியது. கார் வாங்காமல் இருந்திருந்தால் இது யாருக்குமே தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் அந்த எர்த்தை நம்பித்தான் ஹீட்டரில் குளித்துக்கொண்டிருந்தோம்!

பெட்டியை மாட்டியது பெரிய வேலை இல்லை. தரையிலிருந்து மார்பு உயரம், மதிய வெயில் நேராக விழாத சுவர். சூடு ஏறினால் பெட்டி தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும், அதனால் நிழல் முக்கியம். பல இழை வயராக இருந்தால் நுனியில் ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழாய் போடாமல் டெர்மினலில் சொருக விடாதீர்கள். ஸ்க்ரூ எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் போட்டிருந்தது. எலெக்ட்ரீஷியனிடம் டார்க் ஸ்க்ரூடிரைவர் இல்லை, நான் கடன் வாங்கி வந்தேன். உள்ளே அதிகபட்ச ஆம்பியரைத் தீர்மானிக்கும் சின்ன டிப் சுவிட்ச் இருந்தது. அது தொழிற்சாலையில் என்னவாக வைக்கப்பட்டிருந்தாலும், நம் வயருக்கும் எம்சிபி-க்கும் ஏற்றபடி நாம் வைக்க வேண்டும். மூடியை மூடும் முன் ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பார்த்தோம்.

கன்னைக் காரில் சொருகியதும் நடப்பதை ஒரு தடவை கவனித்துப் பார்த்தேன், வேடிக்கையாக இருந்தது. பெட்டியும் காரும் பேசிக்கொள்ளும் பைலட் கம்பியில் முதலில் 12 வோல்ட். கார் இணைந்ததும் அது 9-க்கு இறங்குகிறது. கார் தயார் என்றதும் 6. அப்போதுதான் டப்பென்று கான்டாக்டர், அதாவது மின்சாரத்தை விடும் உள் சுவிட்ச், மூடும் சத்தம். அதுவரை கன்னின் மின்முனைகளில் மின்சாரமே இல்லை. மழையில் கன்னைத் தொட வீட்டில் எல்லோரும் பயந்தார்கள், இதைச் சொன்ன பிறகு கொஞ்சம் தைரியம் வந்தது.

இப்போது பெரும்பாலும் 16 ஆம்பியரில்தான் ஓட்டுகிறேன். விடிவதற்குள் முடிந்துவிடுகிறது, வயரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மறுநாள் தூரப் பயணம் என்றால் மட்டும் 32. அதற்காக ரொம்பக் குறைத்து 6-இல் வைப்பதும் லாபம் இல்லை. சார்ஜ் ஆகும் நேரம் முழுக்கக் காரின் கம்ப்யூட்டர்களும் குளிர்விக்கும் பம்பும் விழித்திருந்து மின்சாரம் எடுக்கும், நேரம் நீண்டால் அந்தச் செலவும் நீளும். டைமர் காரிலும் இருக்கிறது, வால்பாக்ஸிலும் இருக்கிறது. இரண்டிலும் வைத்தால் ஒன்றுக்கொன்று காத்திருந்து காலையில் பேட்டரி அப்படியே இருக்கும். நான் காரில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். 80 சதவீதத்தில் நிறுத்துவது என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) பேட்டரிக்கு நல்லது. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி உள்ள கார்களில் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லி கம்பெனியே கையேட்டில் போட்டிருப்பதைக் காணலாம். இருக்கும் சார்ஜ் எவ்வளவு என்று கார் சரியாகக் கணிக்க அது உதவும். இதில் நண்பர்கள் சொல்வதை விட உங்கள் காரின் கையேட்டைக் கேளுங்கள்.

சில மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எல்லா டெர்மினல்களையும் ஒரு தடவை சோதித்தோம். எம்சிபி-யின் ஒரு ஸ்க்ரூ கால் சுற்று இடம் கொடுத்தது. அடுத்து வீட்டுக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வரப் போகிறது. சுவர் உடைத்தபோதே பக்கத்தில் ஒரு காலிப் பைப்பும், உள்ளே ஒரு இழுவைக் கம்பியும் போட்டு வைத்திருக்கிறோம். அதில் தனி எம்சிபி-யோடு ஒரு புது 16 ஆம்பியர் சாக்கெட் வரும். பழுப்பேறிய பழைய சாக்கெட்டைக் கழற்றி எறிந்தாகிவிட்டது.