ஆறடிக்கு ஆறடி

ஜூன் 4
கண் ஒப்பரேஷன் திகதியை மறுபடி தள்ளிவிட்டார்கள். கண்ணுக்குள் வைக்கிற வில்லை வந்து சேரவில்லையாம். வலது கண்ணில் பனி அப்படியே.

ஜூன் 5
தங்கச்சி ரொறன்ரோவில் இருந்து அனுப்பிய, மகளின் லாக்ரோஸ் ஆட்ட வீடியோவை ஏழு தடவை பார்த்தேன், இடது கண்ணால். நுனியில் வலை கட்டிய தடியால் பந்தை எறிந்து, பிடித்து ஆடுகிற ஆட்டம். பிள்ளை கோல் கீப்பர். கோலை நோக்கி வந்த பந்து 16. உள்ளே போனது 9. கடைசியில் பிள்ளை அழுதுகொண்டே தலைக்கவசத்தைக் கழற்றுகிறாள். தங்கச்சிக்குப் பெரிய கவலை. எனக்கு அவ்வளவு இல்லை. உதைபந்தில் 9 வாங்கினால் ஊரே சிரிக்கும். லாக்ரோஸில் வருகிற பந்தில் பாதியைப் பிடித்தாலே நல்ல கீப்பர் என்பார்கள். இவள் பிடித்தது 7. இன்னும் ஒன்று பிடித்திருந்தால் பாதி. அந்த ஒன்று எது என்று தேடித்தான் ஏழு தடவை.

ஜூன் 6
கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். வெளியே போகவில்லை.

ஜூன் 8
பிடிபட்டுவிட்டது. பிள்ளை கண்ணை மூடுகிறாள்.

வீடியோ கோலுக்குப் பின்னால் இருந்து எடுத்தது, முகம் தெரியாது. ஆனால் அடிக்கிறவளின் தடி தோளைத் தாண்டி முன்னே வரும்போது இவளுடைய தலைக்கவசம் இடப்பக்கம் ஒரு அங்குலம் திரும்புகிறது. 22 வருஷம் வலைக்கு முன்னால் நின்றவனுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அவளைக் குறை சொல்ல ஏலாது. அது முழு ரப்பர்ப் பந்து, 145 கிராம் அளவில் வரும். எட்டு மீற்றரில் இருந்து 80 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால் வந்து சேர 0.36 செக்கன். கண் கண்டு கை அசையவே அதில் பாதிக்கு மேல் போய்விடும். எங்கள் கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். அவர்களுடையது ஆறடிக்கு ஆறடி. சின்னதுதானே என்று முதலில் நானும் நினைத்தேன். நாங்கள் பாய்வோம், விழுவோம். அங்கே விழுந்தால் கதை முடிந்தது. பந்தை நோக்கி ஒரு காலை எடுத்து வைக்க வேண்டும், மேல் கை முதலில் போக வேண்டும், தடியின் வலை பின்னால் வரும். பந்து நெஞ்சில் பட்டாலும் சரி, உள்ளே போகக் கூடாது. இவ்வளவையும் அவள் ஒழுங்காகத்தான் செய்கிறாள், பந்து இல்லாத இடத்தில்.

காரணம் இரவு தெரிந்தது. ஆட்டத்துக்கு முன்னால் நாலு பெரிய பிள்ளைகளை நிறுத்தி, ஓங்கி ஓங்கி அடிக்கச் சொல்கிறாராம் அங்கே பழக்குகிறவர். ‘பழகட்டும்’ என்று. எனக்கும் ஒருவர் அப்படித்தான் பழக்கினார், மழையில் நனைந்த தோல்பந்தால். இரண்டு வருஷம் பந்து வந்தால் தோளைத்தான் காட்டினேன். பழகியது பயம். ஆட்டத்துக்கு முன் கீப்பருக்குப் போடுகிற பந்து அவள் பிடிப்பதற்கான பந்து. முதலில் மெதுவாக, தடி பிடிக்கிற பக்கம் உயரத்தில். பிறகு மற்றப் பக்கம், இடுப்பு, முழங்கால், கடைசியில் குத்தி எழும்புகிற பந்து. வேகம் அதற்குப் பிறகு.

இதை அந்த மனிதருக்கு யார் சொல்வது? தங்கச்சி மாட்டாள்.

ஜூன் 9
“மாமா, எனக்கு ஏலாது. விடப் போறன்.”
“விடு. நாளைக்கு விடு. இண்டைக்கு அம்மாவிட்ட ரெனிஸ் பந்து வாங்கித் தரச் சொல்லு.”

ஜூன் 11
இங்கே திருகோணமலையில், ஏகாம்பரம் மைதானத்தில் எங்கள் பொடியனை வைத்துச் சோதித்தேன். ரெனிஸ் பந்துகளில் கறுப்பு மார்க்கரால் இலக்கம் எழுதி, ஆறேழு அடியில் இருந்து மெதுவாகப் போடுவது. பிடிப்பதற்கு முன் இலக்கத்தைக் கத்த வேண்டும். இலக்கத்தைத் தேடுகிற கண் மூடாது. பத்துப் பந்தில் பொடியன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். “மூண்டு!” என்றான். நான் எழுதியது எட்டா மூன்றா? பந்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன். தெரியவில்லை.
சரி என்றேன்.

ஜூன் 12
பஸ் ஸ்ராண்டில் மான் ஒன்று என் வாழைப்பழப் பையை இழுத்தது. வந்த பக்கம் வலது. தெரியவே இல்லை.

ஜூன் 15
இன்றைக்கு வாய்ப் பயிற்சி. பந்து எங்கே நிற்கிறது என்று பின்னால் நிற்கிறவள்தான் சொல்ல வேண்டும், தடுக்கிற பிள்ளைகளுக்கு முதுகில் கண் இல்லை. இவளோ சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்கவே கூச்சப்படுகிறவள். போனிலேயே கத்த வைத்தேன்: வலது, இடது, நடு, பின்னால்! தங்கச்சி அடுப்படியில் இருந்து ஓடி வந்திருக்கிறாள். இந்த வீட்டில் இவ்வளவு சத்தமாகத் தமிழ் கேட்டதில்லையாம்.

ஒலிம்பிக்கில் 1908க்குப் பிறகு 2028 இல்தான் லாக்ரோஸுக்குப் பதக்கம் என்று பிள்ளை சொன்னாள். விடப் போகிறவளுக்கு இது எதற்கு?

ஜூன் 17
20 இல் 11 உள்ளே. பேச மறுக்கிறாள்.
தலை திரும்பியது மூன்று தடவைதான். எண்ணினேன்.

ஜூன் 18
அதில் இரண்டு குத்தி எழும்பிய பந்து. அப்படியானால் மிச்சம் ஒன்று.

ஜூன் 20
வில்லை வந்துவிட்டதாம். 24ஆம் திகதி, விடிய ஏழு மணிக்கு முன் வரட்டாம். அன்றைக்கு அவளுக்கும் ஆட்டம். அங்கே 23 பின்னேரம் ஏழு, எங்களுக்கு விடியற்காலை நாலரை. தங்கச்சி நேரடியாகப் போனில் காட்டுவாள்.

ஜூன் 23
சொட்டு மருந்து நாலு தடவை. நித்திரை இல்லை. பந்து ஒன்று முகத்துக்கு வருகிற மாதிரியே.

ஜூன் 24
4.50. இரண்டு வந்தது, இரண்டையும் பிடித்தாள். தங்கச்சியின் கை நடுங்குகிறது, படம் ஆடுகிறது.

5.20. இடைவேளை. 9 இல் 4 உள்ளே. ஐந்து பிடித்திருக்கிறாள், ஐந்து! ஒரு தடவை “இடது!” என்று கத்தியது எனக்கே கேட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன விளங்கியதோ.

5.40. தனியாக ஓடிவந்து ஒருத்தி எறியப் போகிறாள், எட்டு மீற்றர். தலை திரும்பவில்லை. திரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன், படம் நின்றுவிட்டது. ஆட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார்.