நர்ஸம்மா காத்திருக்கிறார்

நேற்று இரவு தங்கையையும் அம்மாவையும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டுத் தாராவிக்குத் திரும்பினேன். தங்கைக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். "பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏன் திருநெல்வேலி வரை அலைச்சல்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஊரில் எங்கள் நர்ஸம்மா இருக்கிறார்.

கிராம சுகாதாரச் செவிலியர் என்பது அவருடைய பதவிப் பெயர். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தங்கையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்ததுமே ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டார். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு முறை காட்டியும் டானிக் எழுதியதோடு சரி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

"இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் சேராது அம்மா, எலுமிச்சைச் சாற்றோடு போடு" என்றார். ஒரு நாள்கூட விடாமல், தினமும். மும்பைக்குத் திரும்பிய பிறகும் வாரந்தோறும் அழைத்து, மீதி மாத்திரைகளை எண்ணிச் சொல்லச் சொன்னார். போன வாரம் ஹீமோகுளோபின் 10.4.

இவரைப் போன்ற செவிலியர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம், சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது அரசுக் கணக்கு. தடுப்பூசி, வீடு வீடாகப் போவது, பதிவேடு, கணினிப் பதிவு எல்லாம் அவர் தலையில்தான். இத்தனைக்கும் நடுவில் எங்கள் வீட்டு மாத்திரைக் கணக்கு அவர் நினைவில் இருக்கிறது என்பதை எண்ணினால் கண் கலங்குகிறது.

வண்டி சோலாப்பூரைத் தாண்டிவிட்டதாம். நர்ஸம்மா அதற்குள் இரண்டு முறை அழைத்துவிட்டார்.