பன்னூர் செம்மறி: கனகபுரா சாலைப் பட்டியில் ஒரு ஈற்றுப் பருவம்

பக்ரீத் நெருங்கினால் பெங்களூரு சாமராஜ்பேட்டை மைதானத்தில் கர்நாடகத்தின் பன்னூர் செம்மறி இனத்தின் பெயரில் கலப்பு ஆடும் நிற்கும். வெள்ளை உடம்பும் பழுப்பு முகமும் போதாது. பின்னால் நின்று பாருங்கள்: இரு தொடைக்கும் நடுவே கவிழ்த்து வைத்த ‘ப’ போல அகலமான இடைவெளி வேண்டும். கால் குட்டை, நெஞ்சு அகலம், கொம்பு இல்லை. தொண்டைக்குக் கீழே சதைமணி பலவற்றுக்குத் தொங்கும். இல்லாததாலேயே கழித்துவிட வேண்டாம். வளர்ந்த கிடா 35 கிலோவை ஒட்டி நிற்கும், பெட்டை அதைவிடப் பத்துக் கிலோ குறைவு. எடை ஏறட்டும் என்று நெட்டைக்கால் இனத்தோடு சேர்ப்பவர்கள் இந்த உருவத்தை இழக்கிறார்கள். பன்னூருக்குக் கூடுதல் விலை கிடைப்பதே இந்த உருவத்துக்குத்தான்.

கிடாவின் இரு விரைகளும் ஒரே அளவாக, கையில் அழுத்தமாக இருக்க வேண்டும். விந்தணு உருவாக ஏழெட்டு வாரம் ஆகும். ஆகவே கிடாவுக்குக் காய்ச்சல் வந்தால் அதன் பாதிப்பு இரண்டு மாதம் வரை நீளும். காய்ச்சல் தணிந்ததும் பட்டிக்குள் விட்டால் பெட்டைகள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும்.

சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைக்குத் தினம் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்குக் கலவை). இரட்டைக் குட்டியை எதிர்பார்த்து அல்ல. இந்த இனம் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். பெட்டைகள் தாமதிக்காமல் சினை பிடிக்கவே இது. 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசினால், ஏறிய பெட்டையின் முதுகில் தடம் விழும். சினை பிடிக்காத பெட்டை சுமார் 17 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும், அதனால் 17 நாள் கழித்து நிறத்தை மாற்றுங்கள். பாதிப் பெட்டைகளுக்கு மேல் புது நிறமும் விழுந்தால் கிடாவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தீவனம் ராகித் தட்டை, கடலைக்கொடி. இந்தப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு உண்டு என்பதால் மல்பெரித் தண்டும் மலிவாகக் கிடைக்கும். புழுப் படுக்கையில் கிருமிநாசினிப் பொடி தூவியிருப்பார்கள். அந்தத் தண்டை ஒதுக்கிவிடுங்கள், தோட்டத்திலிருந்து நேராக வெட்டியது மட்டும் போதும். மாட்டுக்கான தாது உப்பை ஆட்டுக்கு வைக்கக் கூடாது. அதில் தாமிரம் அதிகம், செம்மறியின் ஈரலில் சேர்ந்து ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும்.

சினை சுமார் 150 நாள். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான். அப்போது மீண்டும் 250 கிராம் அடர்தீவனம், படிப்படியாகக் கூட்டி. துள்ளுமாரி (குடலில் நச்சு உண்டாக்கும் நோய்) தடுப்பூசியை ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பே தாய்க்குப் போட்டால், சீம்பால் வழியே குட்டிக்கும் காப்பு கிடைக்கும். மழைக்காலத்தில் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். உட்புறம் வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு. எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தைக் கண்மூடித்தனமாகக் கொடுத்தால் புழுக்கள் அந்த மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடும்.

பிறந்த குட்டி இரண்டு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், குளிர் தாங்காது. தொப்புளில் அயோடின், இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால். 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மில்லி, உள்ளே போக வேண்டும்.

மூன்று மாதத்தில் பால் மறக்க வைத்துக் கிடாக்குட்டிகளைத் தனிப் பட்டிக்கு மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் தங்கையோடும் தாயோடும் சேர்ந்துவிடும். அப்போதே பின்னால் நின்று தொடையைப் பார்த்துவிடலாம். ‘ப’ குறுகியது கறிக்கு. தேறியதையும் அதே பட்டியில் பொலிகிடாவாக வைக்காமல் வேறு பட்டியோடு மாற்றிக்கொள்ளுங்கள்.