ஊசி அவன் போடுகிறான், அளவு அம்மா சொல்கிறார்

டைப் 1 நீரிழிவு உள்ள 12 முதல் 17 வயதுப் பிள்ளைகள், தங்கள் சிகிச்சையில் தங்களுக்கு எவ்வளவு இடம் இருப்பதாக உணர்கிறார்கள் என்பதைக் கேள்வித்தாள் மூலம் அளக்கும் ஆய்வை ஒருவழியாக முடித்துவிட்டேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி சிக்கலின்றிக் கிடைத்தது. பட்ட பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் நாளே வீணாயிற்று. பெற்றோருக்கான ஒப்புதல் படிவங்களைக் கட்டுக்கட்டாக எடுத்துச் சென்ற நான், பிள்ளைகள் தாங்களே கையெழுத்திட வேண்டிய இசைவுப் படிவத்தை அச்செடுக்க மறந்திருந்தேன். பிள்ளைகளின் பங்கை அளக்கப் போனவன் அவர்களுடைய சம்மதத்தையே மறந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பரிசோதனைக்கு வருவார்கள் என்பதால், அன்று அனுப்பிவிட்டவர்களுக்காக அடுத்த முறை வரை காத்திருக்க நேர்ந்தது.

அடுத்த தவறு நாற்காலியில் இருந்தது. தாயும் பிள்ளையும் அருகருகே அமர்ந்தால், பிள்ளையின் பேனா நகருமுன் தாயின் விரல் விடைக்கட்டத்தைத் தொட்டுவிடுகிறது. 1 (உடன்பாடே இல்லை) முதல் 5 (முழு உடன்பாடு) வரையான அளவுகோலில் எல்லா விடையும் 4 அல்லது 5. பெற்றோரை வெளியே அமர்த்திய பிறகே 2, 3 என்ற விடைகள் வரத் தொடங்கின.

ஆயினும் ஒரு கேள்வி மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. 'என் சிகிச்சையில் எனக்குப் பங்கு உண்டு' என்பதற்கு 5 போட்ட சிறுவனிடம் ஏன் என்று கேட்டபோது, "ஊசி நான்தான் போட்டுக்கிறேன், அளவு அம்மா சொல்வாங்க" என்றான். வேலையில் பங்கையும் முடிவில் பங்கையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பியிருந்தேன். க்ரான்பாக் ஆல்பா என்ற புள்ளியியல் எண், போதுமானதாக வழக்கமாகக் கருதப்படும் 0.7ஐத் தாண்டியதில் நிம்மதி கொண்டதுதான் என் ஏமாளித்தனம்; கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கே அந்த எண் சாட்சி, கேட்க நினைத்ததைத்தான் கேட்டோமா என்பதற்கு அல்ல. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையின் அளவை வைத்து ஈடுபாட்டை ஊகிக்கலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையும் உதவவில்லை: கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலையைச் சொல்லும் அது, யார் முடிவெடுத்தார் என்பதைச் சொல்லாது. இத்தகைய கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், முதலில் ஐந்தாறு பிள்ளைகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள்.

அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தபோது அதே சிறுவன், ஊசி போடுவதற்கு 5, இன்சுலின் அளவை மாற்றுமுன் தன்னிடம் கேட்கிறார்களா என்பதற்கு 2 போட்டான். தாளை நீட்டும்போது, "இந்த ரெண்டை அம்மா பார்ப்பாங்களா?" என்று கேட்டான். அன்றிலிருந்து, தாளை உறையிலிட்டு ஒட்டுவதைப் பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே செய்கிறேன்.